இருமினாலே ஒளு முறிகிறதா?

சென்ற ரமலானில் எங்கள் மதரஸாவில் பெண்களுக்கான தராவீஹ் தொழுகை நடைபெற்றபோது, ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கும் ஒரு சகோதரியைக் காணவில்லை. மூன்று பிள்ளைகளின் தாய். வயது நாற்பதைத் தொடவில்லை. பெருநாள் கழிந்து சந்தித்தபோது காரணம் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "இருமினால், தும்மினால், சுஜூதிலிருந்து எழுந்தால்கூடச் சில துளி சிறுநீர் வந்துவிடுகிறது உஸ்தாபி. எத்தனை முறைதான் ஒளு செய்வது? கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்றார். அந்தப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது! உம்மாவிடம் சொன்னதற்கு, "பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் உள்ளதுதான்" என்று பதில் வந்ததாம்.

அன்புச் சகோதரியே! பலருக்கும் உள்ளதுதான் என்பது உண்மை. தீராதது என்பதுதான் உண்மையன்று.

நம் இடுப்பின் அடிப்பகுதியில், முன்புற எலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை, குழந்தைக்குக் கட்டும் தூளி போல ஒரு தசைத்தொகுதி விரிந்துள்ளது. இடுப்புத் தளத் தசைகள் என்பது அதன் பெயர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குவது இதுவே. நாம் இருமும்போது வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. அந்நொடியில் இத்தசைகள் இறுகிச் சிறுநீர்ப் பாதையை மூடிக்கொள்கின்றன. கருவுற்ற மாதங்களின் பாரத்தாலும், பிரசவத்தின்போது பன்மடங்கு விரிவதாலும் தூளி தளர்ந்துவிட்டால், மூடவேண்டியது மூடுவதில்லை. தீராத இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள் ஆகியனவும் இத்தளர்ச்சிக்குத் துணைபோகின்றன.

கை கால் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்றால் இவற்றை ஏன் வலுப்படுத்தக் கூடாது? அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இதற்கான பயிற்சியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். பல ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் பெண்களில், பயிற்சி பெற்ற 100 பேரில் 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சியோ சிகிச்சையோ பெறாத 100 பேரில் 6 பேரே அவ்வாறு கூறினர். மருந்தில்லை, கத்தியில்லை! பிரான்சு நாட்டில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இப்பயிற்சிக்கான செலவை அரசு மருத்துவக் காப்பீடே ஏற்றுக்கொள்கிறது. நம் பக்கத்திலோ நாற்பது நாளும் தாய்க்குப் பத்தியமும் காயமும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம். இத்தசைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாரில்லை.

"இறுக்கிக்கொள்" என்று சொன்னால் போதுமே, இதற்கு இயன்முறை மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். ஆனால் இறுக்கச் சொன்னால், பெண்கள் பலர் தம்மை அறியாமலே கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது தளர்ச்சியை அதிகமாக்கும். வேறு சிலர் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி, மூச்சையும் அடக்கிக்கொள்கிறார்கள். சரியான தசைதான் இயங்குகிறதா என்று பரிசோதித்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர் வேண்டும். பெண் இயன்முறை மருத்துவரையே கேட்டுப் பெறுங்கள். உள்பரிசோதனை உங்கள் சம்மதத்துடன்தான் நடைபெறும். உடன் ஒரு பெண் துணையை வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி இதுதான்: காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் பின்புறத்தையும், சிறுநீரை நிறுத்துவதுபோல் முன்புறத்தையும் சேர்த்து உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். மூச்சு இயல்பாக வரட்டும். இயன்ற விநாடிகள் நிறுத்தி, முழுமையாகத் தளர்த்தி, ஓய்வு கொடுத்து மீண்டும் செய்க. ஒரு வேளைக்கு எட்டு முறையேனும், நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தும்மல் வருமுன் இறுக்கிக்கொள்ளும் வழக்கத்தையும் பழகிக்கொள்ள வேண்டும். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பயில்வது நல்லதன்று. கல்யாண வீட்டுக்குப் போகுமுன் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடும் சகோதரிகளை நான் அறிவேன். அதனால் மலச்சிக்கல்தான் மிஞ்சும்.

எல்லாருக்கும் இறுக்கும் பயிற்சி பொருந்தாது. சிலருக்கு இத்தசைகள் இறுகிப்போய்த் தாம்பத்தியத்தில் வலி ஏற்படும். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சியே வேண்டும். சிறுநீரில் எரிச்சல், இரத்தம், அடிவயிறு இறங்குவது போன்ற உணர்வு இருப்பின் முதலில் மகளிர் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நாணம் நம் மார்க்கத்தில் ஈமானின் கிளை. எனினும் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பெண்களின் குளிப்புக் கடமையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நேரிலேயே கேட்டார்களே! கேட்டதனால் நமக்கெல்லாம் சட்டம் தெரிந்தது. எந்நேரமும் கசிவு நிற்காதவருக்கும் தொழுகையை விட வழியில்லை. நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்து, ஒளு செய்து தொழச் சலுகை உண்டு. விவரத்தை உங்கள் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேளுங்கள்.

அந்தச் சகோதரி நகரத்திலுள்ள ஒரு பெண் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி பெற்றார். சுபுஹு, அஸர், இஷா தொழுகைகளுக்குப் பின் முஸல்லாவிலேயே அமர்ந்து செய்வாராம். முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, விட்டுவிட நினைத்தார். இந்த ரமலானில் தராவீஹுக்கு வந்தார். முன்வரிசையில் அல்ல, கதவருகே நின்றார். "இன்னும் தைரியம் முழுதாக வரவில்லை உஸ்தாபி" என்று சிரித்தார். உடன் தம் மதினியையும் அழைத்து வந்திருந்தார். தொழுகை முடிந்ததும் அந்த மதினி, என்னிடம் தனியாகக் கொஞ்சம் பேசவேண்டும் என்றார்.