உங்களுக்குத் தெரியுமா? ஒரு செல்போன் சிணுங்கலுக்குப் பாதி பீரியட் காலி!

செல்போனால் கவனம் சிதறிய மாணவர் மறுபடி பாடத்தில் ஒன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023 அறிக்கை. அடி அண்ணாமலை போன்ற கிராமத்துப் பள்ளியானாலும் சென்னைப் பள்ளியானாலும், பையில் போன் ஒருமுறை அதிர்ந்தால் கரும்பலகைக் கணக்கு பாதியில் நின்றுவிடும்.

• இங்கிலாந்தின் 4 நகரங்களில், 91 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. செல்போனைத் தடை செய்த பிறகு படிப்பில் பின்தங்கியவர்களின் மதிப்பெண்தான் நன்றாக ஏறியது. நன்றாகப் படிக்கும் மாணவர்களிடம் மாற்றமே இல்லை! தடுமாறும் பிள்ளைகளுக்குத்தான் போன் அதிகம் கெடுதல் செய்கிறது. நாம் கவலைப்பட வேண்டியதும் அவர்களுக்காகவே.

• கிராமப்புற இந்தியாவில், ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த 14–16 வயதினரில் முந்தைய வாரம் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57%. சமூக ஊடகத்துக்கு? 76% (அசர் – ASER – கல்வி ஆய்வறிக்கை, 2024).