உஷார்! உங்கள் மனசுக்கு அச்சாகப் பொருந்துகிற மார்க்கம் கிடைத்துவிட்டதா?

அப்படியானால் இதைப் படித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள். வகுப்பு இன்று சாயங்காலம் என்றால், இன்று மட்டுமாவது போகாதீர்கள்.

சாமி கும்பிடாதே என்று சொல்ல வரவில்லை. என் வீட்டு மாடத்திலும் விளக்கு எரிகிறது. பிறந்த வீட்டுச் சமயம் ஒட்டவில்லை, சடங்கில் மனசு போகவில்லை, ஆனாலும் மேலே ஏதோ ஒன்று இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல். இப்படித் தவிக்கிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். தேடுவது தப்பே இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் தேடுகிறீர்கள். உங்களையும் தேடுகிறார்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு பெண். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவள், நல்ல வேலை, கணக்கில் புலி. மளிகைக்கடையில் பத்து ரூபாய் கூடப் போட்டால் அங்கேயே பிடித்துவிடுவாள். அம்மா தவறிப்போனபோது, காரியத்துக்கு வந்தவர் தட்சிணைக்குப் பேரம் பேசியதில் அவளுக்கு எல்லாமே விட்டுப்போனது. அந்த நேரம் பார்த்து ஒரு சினேகிதி கூப்பிட்டாள். மூன்று நாள் இலவச வகுப்பு. மூச்சுப் பயிற்சி. மத்தியானச் சாப்பாடும் உண்டு.

முதல் நாளே ஒரு படிவம் கொடுத்தார்கள். பேர், வயசு, சரி. அப்புறம்? உங்களைப் பொறுத்தவரை கடவுள் யார்? எந்தச் சடங்கு பிடிக்காது? உங்களை ரொம்பக் காயப்படுத்திய உறவு எது? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதுவரை யாருமே அவளிடம் கேட்காத கேள்விகள் அல்லவா!

மூன்றாம் நாள் குருஜி என்கிறவர் பேசினார். சடங்கு வேண்டாம் என்றார். சாதி பொய் என்றார். செத்தவர்கள் எங்கேயும் போவதில்லை, நமக்குள்ளேதான் இருக்கிறார்கள் என்றார். "அக்கா, நான் மனசுல நெனச்சதை அப்படியே சொன்னாருக்கா!" என்று என்னிடம் வந்து அழுதாள்.

சொல்லாமல் என்ன செய்வார்? எழுதிக் கொடுத்ததே நீதானேடி!

அன்றைக்கே இதை நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பல மாசத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன், கெடுக்க மனசு வரவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் எல்லாம் படிப்படியாகத்தான் நடந்தது. வாரம் ஒரு நாள், மூன்று நாளானது. ராத்திரி பதினோரு மணி வரை சத்சங்கம், விடிகாலை மூன்றரைக்குத் தியானம். தூக்கம் போனது. புதுப் பேர் வைத்தார்கள். அண்ணன் ஏதோ கேட்கப்போக, "அவர்தான் உன் கர்மா" என்றார்கள். அண்ணன் வீட்டுப் போக்குவரத்து நின்றது. "அடுத்த நிலை" தீட்சைக்கு வளையல் அடகுக்குப் போனது. கடைசியில் அம்மா விட்டுப்போன வீட்டை அவர்கள் பேருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாள். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குக் கூடப் போன நாலு பேரில் ஒருவர்கூடச் சொந்தம் இல்லை. சாட்சிக் கையெழுத்தும் அவர்களே.

இப்போது அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். கோயில் மணி கேட்டாலும் பயம், பாங்கு கேட்டாலும் பயம். வீடு போனதுகூட ஆறிவிடும். இது எனக்கு ஆறவில்லை.

"அவ ஏமாளி, நான் அப்படி இல்லை" என்கிறீர்களா? ஜப்பானில் ஓம் ஷின்ரிக்யோ என்கிற கூட்டம் 1980-களில் டோக்கியோவில் சின்ன யோகா வகுப்பாகத் தொடங்கியது. சேர்ந்தவர்களில் விஞ்ஞானம் படித்தவர்கள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். 1995 மார்ச் 20 காலையில் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் விஷத்தைக் கசியவிட்டார்கள். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். விஷப் பையைக் குத்திவிட்டு இறங்கியவர்களில் ஒருவர் இதய அறுவைசிகிச்சை நிபுணர். உயிர் காக்கப் படித்த கை அது!

அமெரிக்காவில் ஜிம் ஜோன்ஸ், கறுப்பரும் வெள்ளையரும் சமம் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார். அதையே நம்பிக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். 1978 நவம்பர் 18 அன்று, அவர்களைக் கூட்டிப்போயிருந்த கயானா காட்டுக்குள் சயனைடு கலந்த பானம். 900-க்கும் மேற்பட்ட பிணங்கள். அதில் 300 போலச் சின்னப் பிள்ளைகள். சமத்துவம் கெட்ட கொள்கையா? தூண்டிலில் புழு நல்ல புழுவாகத்தான் இருக்கும்.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம விராலிமலைப் பக்கம் பிரேமானந்தா ஆசிரமம். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அடைக்கலம் என்று ஊரே கும்பிட்டது. பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

சரி, எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

படிவம். அதுதான் முதல் மணி. வடலூர் தருமச்சாலையில் 1867-லிருந்து சோறு போடுகிறார்கள். இலை போடும் முன் உங்கள் மனக்காயத்தை யாரும் எழுதி வாங்குவதில்லை.

அவசரம். "இந்த பௌர்ணமிக்குள்ள தீட்சை எடுக்கணும், விட்டா இந்த ஜென்மத்துல இல்ல" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மணிமேகலையைப் பாருங்கள். வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்டுக்கொண்டே போகிறாள். அதற்குப் பிறகுதான் பௌத்தம். மாறுவேடத்தில் வேறு போனாளாம், கெட்டிக்காரி! தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை.

ரகசியம். "வெளியே சொல்லாதே, அவங்களுக்குப் புரியாது." இதைக் கேட்ட நிமிஷமே உடம்பு சிலிர்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1887-ல் தீர்ப்பான ஒரு வழக்கு உண்டு. சகோதரிகள் மடம் ஒன்றில் சேர்ந்த பெண் தன் சொத்தைத் தலைவிக்குக் கொடுத்துவிட்டாள். தலைவி அனுமதி இல்லாமல் வெளியாரிடம் யோசனை கேட்கக் கூடாது என்பது அந்த மடத்தின் விதி. பிற்பாடு வெளியேறி வழக்குப் போட்டாள். அவள்மேல் செல்வாக்கு இருந்தது உண்மைதான் என்று கோர்ட் ஒத்துக்கொண்டது. ஆனாலும் தோற்றாள். ஏன்? வெளியே வந்து ஆறு வருஷம் சும்மா இருந்துவிட்டாள்!

இங்கேயும் அதே கதைதான். பதிவான தானப் பத்திரத்தை மனசு மாறியதும் கிழித்துப்போட முடியாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதற்கும் விஷயம் தெரிந்ததிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. 1890-லேயே அலகாபாத்தில் குருவுக்கு எழுதிக் கொடுத்த தானத்தை நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. வழி இருக்கிறது. வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தால் வழி மூடிவிடும்.

மதமே மாறப்போகிறீர்களா? உங்கள் உரிமை, அரசியல் சட்டம் கொடுத்தது. ஆனால் சான்றிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு யோசியுங்கள். 1950-ஆம் வருஷத்து ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர மற்றவர்கள் பட்டியல் சாதியில் வர முடியாது. பிள்ளைகள் படிப்பு, வேலை எல்லாம் இதில் இருக்கிறது. அந்தச் சட்டம் நியாயமா என்பது பெரிய சண்டை, அது இருக்கட்டும். கூட்டிப்போகிறவர்கள் வாசலிலேயே இதைச் சொன்னார்களா?

இன்னொன்று. ஒரு மாசம் போகாமல் இருந்து பாருங்கள். நல்ல இடம் என்றால் உங்களை விட்டுவிடும். மறுநாளே போன் மேல் போன் வந்தால், வீட்டு வாசலில் நாலு பேர் வந்து நின்றால், "போனா குடும்பத்துக்கு ஆகாது" என்று ஒரு சொல் விழுந்தால், அது மார்க்கமே இல்லை. பொறி.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். போனவர்களைத் திட்டாதீர்கள். "அப்பவே சொன்னேனே" வேண்டவே வேண்டாம். திட்டத் திட்ட, அந்தக் கூட்டம் சொன்னது சரி என்றாகிவிடும். அப்பர் சமண மடத்துக்குப் போய்த் தருமசேனராகப் பெரிய பதவியில் இருந்தார். சூலை நோய் வந்து துடித்தபோது நினைவுக்கு வந்தது அக்கா திலகவதியார்தான். ராத்திரியோடு ராத்திரியாக அதிகைக்கு வந்து விழுந்தார். ஏன் போனாய் என்று அக்கா கணக்குக் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் அப்படிப் பேச்சை நிறுத்திக்கொண்ட தங்கையோ தம்பியோ இருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள். குருவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.