கொழுப்புக் குமிழியும் ஊடுபரவும் நீரும்

மாவடுவை உப்பிலிட்டுச் சில நாள் கழித்துப் பாண்டத்தைத் திறந்து நோக்குவார், முன்பு உருண்டு திரண்டிருந்த வடுக்கள் தோல் சுருங்கித் தாம் விட்ட நீரிலேயே கிடப்பதைக் காண்பர். உலர்ந்த திராட்சையோ நீரிலிட்டால் பருக்கின்றது. கரைபொருள் குறைந்த பக்கத்தினின்று மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வை ஊடுருவிச் செல்லும் இவ்வியல்பே ஊடுபரவல் எனப்படும். இதனால் விளையும் அழுத்தம், ஐதான கரைசல்களில் வாயுக்களுக்குரிய விதியையே தழுவி நிற்கின்றதென 1887-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து வாண்ட் ஹாஃப் என்பார் காட்டினார். இரசாயனத்திற்குரிய முதல் நோபெல் பரிசு 1901-இல் அவர்க்கே கிடைத்தது.

உயிரணுக்களைப் போர்த்திருக்கும் சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டடுக்காய் அமைந்ததொன்றென 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் செந்நீரணுக்களை ஆராய்ந்து கூறினர். அவர்தம் அளவைகளில் பிழைகள் இருந்தன. ஆயினும் அவை ஒன்றையொன்று ஈடுசெய்தமையின் முடிவு பிழைக்கவில்லை! இவ்வடுக்கின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஏறக்குறைய நான்கு கூறேயாகும்.

முட்டைக்கருவிலுள்ள லெஸிதின் என்னும் கொழுப்பை நீரில் கலக்கின், அது தானாகவே மூடிய நுண்குமிழிகளாய் அமைகின்றது. இங்கிலாந்தில் பாங்கம் என்பாரும் அவர்தம் துணைவரும் 1960-க்குப் பின் இவற்றை ஆராய்ந்து, இவை ஊடுபரவலுக்கு உட்படுவனவென 1967-இல் விளக்கினர். நீர் இச்சவ்வினூடே எளிதிற் செல்லும். உப்போ மிக அரிதாகவே செல்லும். ஆதலின் வெளியே உப்பு மிகின், குமிழியின் நீர் வெளியேறுகின்றது. கொள்ளளவு குறையினும் சவ்வின் பரப்பு குறைவதில்லை. எனவே குமிழி துவண்டு கிண்ணம்போற் குழிகின்றது.

வெளியே நன்னீர் இருப்பின் நேர்வது வேறு. நீர் உட்புகப் புகத் துவண்ட குமிழி முதலிற் கோளமாகின்றது. அதன்மேற் பருக்க இடமில்லை. ஏனெனில் இச்சவ்வு ரப்பரைப்போல் நீளுந் தன்மைத்தன்று. பரப்பு நூற்றுக்கு நான்கு பங்களவு மிகுந்தாலே கிழியும் நிலை எய்தும். அதற்குக் கொள்ளளவு நூற்றுக்கு ஆறு பங்கு பெருகினாற் போதும். கிழிந்தவுடன் குமிழி அழிந்தொழியுமென நினைத்தல் கூடாது. துளையின் வழியே உள்நீர் சிறிது வெளிப்படவே விறைப்புத் தளர்கின்றது. துளையின் விளிம்பில் நீரை வெறுக்கும் கொழுப்பு வால்கள் நீருக்கு அண்மையில் நேர்தலின், அவ்விளிம்பைக் குறைத்தற்பொருட்டுத் துளை தானே மூடிக்கொள்கின்றது. உள்ளே கரைபொருள் இன்னும் எஞ்சியிருத்தலின் மீண்டும் நீர் புகும். மீண்டும் துளை திறக்கும். ஒவ்வொரு முறையும் கரைபொருள் சிறிது குறைதலின், இறுதியில் எஞ்சிய அழுத்தம் சவ்வைக் கிழிக்கப் போதாததாகின்றது.

செந்நீரணு வட்டாகவும் இருபுறங் குழிந்தும் இருத்தலின், கோளமாகும்வரை பருக்க அதற்கு இடமுண்டு. தூய நீரிலிட்டால் அவ்விடமும் போதாது. அணு கிழிந்து உட்சாயம் வெளிப்படும். மருத்துவர் நாளத்தில் வெறும் நீரைச் செலுத்தாமல் நூற்றுக்கு 0.9 பங்கு உப்புச் சேர்ந்த நீரைச் செலுத்துதல் இதுபற்றியே.

மழையில் திடீரென நனையும் பாக்டீரியங்களுக்கும் இவ்வாபத்து உண்டு. அவற்றின் வெளிச்சுவர் ஓரளவே தாங்கும். சவ்வு விறைத்தவுடன் திறக்கும் புரதக் கதவங்கள் சில அவற்றிடம் உள. அவற்றுள் பெரியதன் மரபுக்கூறு 1994-இல் கண்டறியப்பட்டது. அக்கதவங்களுள் முக்கியமான இருவகையையும் நீக்கிய கிருமிகளை உப்புநீரினின்று நன்னீருக்கு மாற்றியபோது, அவை பெரும்பாலும் வெடித்து மடிந்தமையை 1999-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர்.