பயாப்சி தாள் எங்கே?

சிறுநீர் சிவப்பாகப் போனால் நம் ஊரில் முதல் வைத்தியம் இளநீர், அடுத்தது வெந்தயம். “சூடுதான், சரியாகிடும்.” இரண்டு நாளில் நின்றும் விடும். ஆபத்தே அதில்தான். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ரத்தம் வலியில்லாமல் வரும், தானாக நிற்கும், மாதங்கள் கழித்துத் திரும்பும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் சாயத் தொழிலில் இருந்தவர்களும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பது போதாது. சிஸ்டோஸ்கோபி செய்து உள்ளே பார்த்தாக வேண்டும்.

பார்த்து, கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகும் கோட்டை விடுகிறார்கள். அண்மையில் ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். ஸ்கேன் படங்கள், ரப்பர் பேண்டு போட்ட மருந்துக்கடை பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இருந்தன. பயாப்சி ரிப்போர்ட் இல்லை. “கட்டியை எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்க சார்” என்றார்.

அடுத்த வைத்தியம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. நோய் சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கவில்லை என்றால் தொடர் சிஸ்டோஸ்கோபி, தேவைப்பட்டால் பைக்குள் பிசிஜி மருந்து. இறங்கியிருந்தால் பையையே அகற்றுவது அல்லது கீமோவோடு கதிர்வீச்சு. எடுத்த சதையில் தசையே இல்லை என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டும். இதை யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

கவுண்டரில் வாயால் கேட்டால் “நாளைக்கு வாங்க” என்பார்கள். எழுதிக் கொடுங்கள். நோயாளி பெயர், ஐ.பி. நம்பர், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி. கேட்பவை: கேஸ் ஷீட் நகல், ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம், பயாப்சி ரிப்போர்ட். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். தரவில்லையென்றால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு ஆண்டுக்குள்.

வேறு மருத்துவரிடம் காட்டுவதானால் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்குங்கள்.

ஆஸ்பத்திரி இந்த ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய காலம் மூன்றே ஆண்டுதான். முத்திரை விழாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.