காரங்காட்டின் அமைதி

இராமநாதபுரம் ஜில்லாவுக்கு வரும் யாத்ரீகர்களில் பெரும்பாலோர் இராமேசுவரத்தில் தீர்த்தமாடி, தனுஷ்கோடியில் 1964-ஆம் வருஷத்துப் புயல் விட்டுச்சென்ற இடிபாடுகளைக் கண்டு, வந்த வழியே திரும்பிவிடுகின்றனர். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி செல்லும் சாலையை விட்டுக் கடலோரமாகச் சற்று விலகினால் காரங்காடு என்னும் மீனவர் கிராமம் இருப்பதைச் சில வருஷங்களுக்கு முன்புவரை வெளியூரார் அதிகம் அறிந்ததில்லை. இப்போது அறியத் தொடங்கியிருக்கிறார்கள். இது கிராமத்துக்கு நன்மையாக முடியுமா, தீமையாக முடியுமா என்பதே நாம் ஆலோசிக்கவேண்டிய விஷயம்.

காரங்காட்டில் பேரலைகளின் ஆரவாரம் இல்லை. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதன் கரையில் அலையாத்தி மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஈட்டிகளைப்போல் மேலெழுந்து காற்றை வாங்குகின்றன. இலைகள் உறிஞ்சிய உப்பை வெளியே கசியவிடுகின்றன. மரங்களின் நடுவே ஓடும் கால்வாயில் படகேறிச் செல்பவர், நாரைகளையும் கொக்குகளையும் அருகிலேயே காணலாம். நகரத்து இரைச்சலில் வாடியவர்களுக்கு இதைவிட வேறு மருந்து வேண்டுமோ?

வன இலாகாவும் கிராமத்தாரும் சேர்ந்தே இங்கே உல்லாசப் பிரயாண ஏற்பாடுகளை நடத்துகின்றனர். படகு செலுத்துவோர் உள்ளூர் வாலிபர்; நண்டும் மீனும் சமைத்துப் பரிமாறுவோர் உள்ளூர் ஸ்திரீகள். இந்த முறையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், பெரிய ஹோட்டல்களும் விரைவுப் படகுகளும் வந்தால் வருமானம் பன்மடங்கு பெருகுமே என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வருமானம் யார் கைக்குப் போகும் என்று அவர்களை நாம் கேட்கிறோம். இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளரும் இடம் இந்த வேர்களின் அடிவாரமே. வேகப் படகு கரையை அரித்து, பறவைகளைக் கலைத்து, பிளாஸ்டிக் குப்பை வேர்களின் மூச்சை அடைத்துவிட்டால், பார்க்க வந்தவர் வேறொரு கரையைத் தேடிப் போவார். மீனவர் எங்கே போவார்? 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலையின்போது பிச்சாவரத்துச் சதுப்புக்காடு தன் பின்னிருந்த ஊர்களுக்கு அரணாக நின்றதையும் நாம் மறக்கலாகாது.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. 1991-இல் முதலில் பிறந்து, 2019-இல் புதுப்பிக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, அலையாத்திக் காடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய பிரிவிலேயே வைத்திருக்கிறது. எனினும், காகிதத்திலுள்ள சட்டத்தைக் காரியத்தில் காப்பவர்கள் அவ்வூர் ஜனங்களே.

ஆகையால் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். நாளொன்றுக்கு எத்தனை பேரை அனுமதிப்பது என்பதைக் கிராமத்தாரைக் கலந்தே நிர்ணயிக்கவேண்டும். வசூலாகும் கட்டணத்தின் வரவு செலவைக் கிராம சபையில் பகிரங்கமாக வாசிக்கவேண்டும். படகு, சமையல், வழிகாட்டல் ஆகிய தொழில்கள் வெளியூர்க் குத்தகைதாரர் வசம் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கிராம சுயராஜ்யம் என்று மேடைகளில் பேசுவோர், அது நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதைக் காரங்காட்டில் காட்டுவார்களாக. அங்கே போகும் நேயர்களும், கொண்டுபோன குப்பையைத் தம்முடனேயே திருப்பிக் கொண்டுவருவார்களென்று நம்புகிறோம்.