கடுக்காயும் வெல்லமும் காத்து வந்த சுதை வேலை

கோவை ராஜ வீதியிலும் பெரிய கடை வீதியிலும் நடக்கும்போது வணிகர்களாகிய நமது கண் பெயர்ப் பலகையோடு நின்றுவிடுகிறது. பலகைக்கு மேலே பார்ப்பது அபூர்வம். பழைய கட்டடமாக இருந்தால் மாடிக் கைப்பிடிச் சுவரில் கஜலட்சுமியோ, மயிலோ, பூங்கொடியோ, கட்டிய ஆண்டோ புடைத்து நிற்கக் காணலாம். இதைப் பலரும் "சிமெண்ட் பொம்மை" என்று சொல்லிப் போகிறார்கள். அது தவறு. சிமெண்ட் புழக்கத்துக்கு வருமுன் சுண்ணாம்பில் செய்த வேலை அது. அதன் பெயர் சுதை வேலை.

பெயரும் பழமையும்

கல்லையும் செங்கல்லையும் ஒட்ட வைக்கும் கலவை சாந்து. சுவரில் பூசி இறுகியது காரை. அதனால்தான் நம் பக்கத்தில் பெரியவர்கள் "காரை வீடு" என்பார்கள். நன்றாக அரைத்த வெண்மையான சுண்ணாம்பால் உருவம் சமைத்தால் அது சுதை. ஆங்கிலத்தில் ஸ்டக்கோ என்பார்கள்.

இந்தச் சொல் நேற்று வந்ததல்ல. மணிமேகலையில் வெண்சுதை பேசப்படுகிறது. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு முன் கோயில் கட்ட இந்த நான்கும் வேண்டியிருந்தன என்பது இதிலிருந்தே விளங்கும். 1636-இல் எழுந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளிலும் தூண் உச்சிகளிலும் இருப்பது சுதை வேலைதான். பேரூருக்குப் போகிறவர்கள் கனகசபையின் கற்சிற்பங்களைப் பார்த்து வியக்கிறோம். கோபுரத்தில் அடுக்கடுக்காக நிற்கும் உருவங்கள் கல் அல்ல, சுதை.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலும் இதுபோன்ற வேலை உண்டு. அங்கே பார்ஜெட்டிங் என்று பெயர். இப்ஸ்விச் நகரில் ஒரு வணிகக் குடும்பம் 17-ஆம் நூற்றாண்டில் தன் வீட்டு முகப்பில் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று நான்கு கண்டங்களையும் இவ்வாறு அமைத்தது. இன்றும் ஊருக்கு அது அடையாளம். கடை முகப்பு கடைக்காரரின் கௌரவம் என்பது எங்கும் ஒன்றுதான்.

பாதிச் சரக்கு நம்முடையது

சுதைக்கு வேண்டிய சுண்ணாம்பும் மணலும் வெளியே. மற்றவை நம் கடையில். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு தண்ணீரில் சில நாள் ஊறப் போடுவார்கள். புளித்து வந்த அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் சாந்தை அரைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் இனிப்பும் சேர்ந்து சாந்துக்கு இழைவும் இறுக்கமும் தரும். செட்டிநாட்டுப் பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்ந்தது.

கடுக்காய் மலையிலிருந்து இறங்கும் சரக்கு. வெல்லத்துக்கோ சித்தோடும் கவுந்தப்பாடியும் பக்கத்திலேயே இருக்கின்றன. கொங்கு நாட்டில் இந்த வேலைக்குச் சரக்குத் தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுண்ணாம்பின் கணக்கும் வியாபாரிக்குப் பிடிக்கும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாகப் போய்விடும். தண்ணீரில் நீற்றிச் சுவரில் பூசியபின், போன வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. அதற்கு நாளாகும். அவசரப்பட்டால் வேலை கெடும்.

1930-களில் நமது மதுக்கரையிலேயே சிமெண்ட் ஆலை வந்தது. அதே சுண்ணாம்புக் கல்தான் அங்கே சிமெண்ட் ஆனது. சிமெண்ட் சீக்கிரம் இறுகியது, கூலி நாள் குறைந்தது. கொத்தனார்கள் சுண்ணாம்பை விட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

பழுது பார்க்கும்போது நடப்பது

கவலை பழைய கட்டடங்களைப் பற்றியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். உப்புப் பூத்து, செங்கல் அரித்து, சில மழைக்காலங்களுக்குப் பிறகு பூச்சு பாளமாகப் பெயரும். சிமெண்ட் கெட்டியானது, பழைய சுதை மென்மையானது. அதனால் விழும்போது உருவத்தையும் இழுத்துக்கொண்டு விழும். கீழே நிற்பவர் நம் வாடிக்கையாளர் என்பதை மறக்கக் கூடாது.

பழைய கட்டடத்தில் கடை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் மாடித் தண்ணீர் வடியும் வழியையும் ஒழுக்கையும் சரி செய்யுங்கள். ஈரம் நிற்காமல் எந்தப் பூச்சும் நிற்காது.

2. விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடையுங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு அடித்தால் போதும்.

3. பெயர்ப் பலகைக்காகச் சுதை உருவத்தில் ஆணி அடிக்க வேண்டாம். பலகையை ஓரடி இறக்கினால் வியாபாரம் குறைந்துவிடாது.

4. கோயில் திருப்பணி செய்யும் ஸ்தபதிகளிடம் விசாரித்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைப்பார். கூலி கூடும், நாளும் கூடும். ஆனால் இரண்டு முறை சிமெண்ட் பூசி இரண்டு முறை கொத்தி எடுக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

5. எதைச் செய்யுமுன்னும் முகப்பைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். உருவம் சிதைந்தாலும் மாதிரி கையில் இருக்கும்.

இடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் சிலருக்கு வரும். இடம் போதவில்லை, பாகப் பிரிவினை என்று காரணங்கள் இருக்கும். அப்போதும் ஆண்டு எழுதிய அந்த ஒரு துண்டையாவது சேதமின்றி அறுத்து எடுத்துப் புதுக் கடையில் பதிக்கலாம். பாரம்பரியக் கடை என்று விளம்பரப் பலகையில் எழுதுகிறோம். அதற்குச் சாட்சியாக முன்னோர் வைத்துவிட்டுப் போனது அந்தத் துண்டுதான்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். இங்கே சுவரும் நம்முடையது, சித்திரமும் நம்முடையது, அதைக் காக்கும் கடுக்காயும் வெல்லமும் நம் கடையிலேயே இருக்கின்றன. அடுத்த மழைக்கு முன் ஒருமுறை எதிர் வரிசையில் நின்று நம் கடையை நிமிர்ந்து பார்ப்போம்.