சாப்பிடாமல் போன தாத்தா

இந்தப் பகுதியில் அம்மாவைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் சகோதரிகள் பலர் எழுதுவதைத் தவறாமல் படிப்பேன். என் தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் பல நாள் ஆசை. ஆசை என்பதைவிட, மனசில் கிடக்கும் பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்பதுதான் உண்மை.

என் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குச் சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு கிராமம். இரண்டு ஏக்கருக்கும் குறைவான வயல், ஒரு ஜோடி மாடு, ஓட்டு வீடு. அவ்வளவுதான் சொத்து. இதை வைத்துக்கொண்டு மூன்று பெண்களையும் ஒரு பையனையும் கரையேற்றினார். எங்கள் பக்கம் ஜூன் மாதம் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கார் சாகுபடி, ஐப்பசி மழையோடு பிசானம். இரண்டு போகத்துக்கும் நடுவில்கூட தாத்தா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வரப்பு வெட்டுவார், எரு சுமப்பார், ஒன்றும் இல்லாவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து கயிறு திரிப்பார். முறைத் தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகக் கிளம்பிவிடுவார்.

வயலில் இருந்து வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எல்லாரும் சாப்பிட்டாச்சா?” என்பதுதான். பிள்ளைகள், பேரன் பேத்திகள், அன்று வயல் வேலைக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் உட்காருவார். “குழம்பு அடிச்சட்டிக்குப் போன பெறகு வந்து உக்காருதியளே” என்று ஆச்சி சலித்துக்கொள்வாள். “அடிச்சட்டிதாம்ளா ருசி” என்று சிரிப்பார்.

1992 நவம்பர் 13-ம் தேதி தாமிரபரணியில் வந்த பெருவெள்ளத்தை எங்கள் ஜில்லாக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். நான் அப்போது கைக்குழந்தை. அம்மா சொல்லித்தான் தெரியும். வெள்ளம் வடிந்து போய்ப் பார்த்தால் வயலில் பயிரைக் காணோம். முழங்கால் உயரத்துக்கு மணல் கிடந்ததாம். வீட்டுக் குலுக்கையில் இருந்த கார் நெல்லும் நனைந்து முளைவிட்டுப் போச்சு. தாத்தாவும் ஆச்சியும் இரண்டு மாதம் கூடை கூடையாக மணலை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

அந்தத் தைப்பொங்கலுக்கு எதுவும் வராது என்று அம்மாவும் சித்திமாரும் நினைத்திருக்கிறார்கள். ஆச்சி கம்மலைக் கழற்றிக் கொடுக்க, அதை அடகு வைத்து அரிசி, வெல்லம், கரும்பு, பனங்கிழங்கு, மஞ்சள் குலை எல்லாம் வாங்கி மூன்று மகள்களுக்கும் பொங்கல்படி கொண்டு வந்துவிட்டாராம் தாத்தா. “இந்தக் கஷ்டத்துல எதுக்குப்பா?” என்று அம்மா அழுதிருக்கிறாள். “வெள்ளம் வயலைத்தான கொண்டு போச்சு, என் பிள்ளைகளையா கொண்டு போச்சு?” என்றாராம்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமாகி டவுணுக்கு வந்த பிறகு தாத்தா எனக்கும் தனியாகப் பொங்கல்படி கொண்டுவர ஆரம்பித்தார். 2015 ஜனவரி, பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும். அன்று எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பு. பாத்திரமெல்லாம் முற்றத்தில் கிடக்கிறது, அடுப்பு பற்ற வைக்கவில்லை. இது போதாதென்று என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தோளில் அரிசி மூட்டையும் கையில் கரும்புமாக தாத்தா வாசலில் வந்து நிற்கிறார். வயசு எண்பதுக்கு மேல்.

பக்கத்துக் கடையில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். “தாத்தா, சாப்பிடுறீங்களா?” என்று ஒப்புக்குத்தான் கேட்டேன். முற்றத்தையும் என் முகத்தையும் பார்த்தார். “வேண்டாம் பிள்ள, வயிறு நெறஞ்சிருக்கு. சாயந்தரம் வயலுக்குத் தண்ணி முறை. நான் வாரேன்” என்று கிளம்பிவிட்டார். அடுத்த தடவை வரும்போது நல்லா சமைத்துப் போடலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ராத்திரி அம்மா போன் பண்ணினாள். “தாத்தாவுக்கு என்ன சமைச்ச? காலையில ஆச்சி பழைய சோறு கொடுத்ததுக்கு, பேத்தி வீட்ல சாப்பிட்டுக்கிடுதேன்னுட்டு வெறும் வயித்தோடல்லா வந்தாரு” என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை. அந்தப் பங்குனியில் பிசான அறுப்பு முடிந்து, நெல்லை வீடு கொண்டு வந்து சேர்த்த நாலாம் நாள், தூக்கத்திலேயே தாத்தா போய்விட்டார். ஊருக்கெல்லாம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்ட மனுஷனை என் வீட்டில் இருந்து பசியோடு அனுப்பினேனே என்ற நினைப்பு ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து நெஞ்சை அடைக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மறுபடியும் பெருவெள்ளம். அதே வயலில் மறுபடியும் மணல். இப்போது பயிர் வைக்கிற மாமாவிடம், “இந்த வருஷம் யாருக்கும் ஒண்ணும் வேண்டாம் மாமா” என்று போனில் சொன்னேன். கேட்கவில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு சின்னப் பையோடு வந்து நின்றார். “கடையில வாங்குன அரிசிதான் பிள்ள. அப்பா போட்ட பழக்கம், விடக்கூடாதுல்லா” என்றார். நான் பையை வாங்கவில்லை. முதலில் இலையைப் போட்டேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

சகோதரிகளே, ஊரில் இருந்து பெரியவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் “சாப்பிடுறீங்களா?” என்று கேட்காதீர்கள். நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். வீடு எப்படிக் கிடந்தாலும் சரி, சோறும் மோரும் ஊறுகாயும் ஆனாலும் சரி, இலையைப் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

- ஒரு வாசகி,
திருநெல்வேலி டவுண்.